எழுத்தைப் பார்க்காமல் ஜெயிக்க முடியாத விளையாட்டுகள்: குழந்தைக்கு வாசிக்கவும் எழுதவும் சொல்லித்தர ஒரு முழு வழிகாட்டி

அண்ணன் மகன் ஏற்காட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அ முதல் ஃ வரை ஒரே மூச்சில் பாடுவான், வீடே கைத்தட்டும். ஒருநாள் சுவரில் தொங்கிய சார்ட்டில் ஊ-வைக் காட்டி இது என்னடா என்று கேட்டேன். விரலை அ-வில் வைத்துப் பாட்டை ஆரம்பித்தான், ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தான், ஊ வந்ததும் நிறுத்தி "ஊ" என்றான். சரி என்று அதே எழுத்தைச் சிலேட்டில் தனியாக எழுதிக் கொடுத்தேன். "சார்ட் எங்க, அத்தை?" என்றான்.

பையனுக்குத் தெரிந்தது பாட்டு, எழுத்து இல்லை. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறேழு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு விளையாட ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். நாலு வயது முதல் ஏழு வயது வரை கலந்து கட்டி வரும். மூன்று வருடத்தில் சொதப்பியதும் தேறியதுமாகக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இரண்டு விதிகள். இவற்றை விட்டுவிட்டால் கீழே உள்ள எதுவும் வேலை செய்யாது.

ஒன்று, எழுத்தைப் பார்க்காமலே ஜெயிக்க முடிகிற விளையாட்டு வெறும் ஓட்டம். அதில் தப்பில்லை, ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். "அ சொன்னால் குதி, ஆ சொன்னால் உட்கார்" என்று ஒன்று ஊரெல்லாம் ஆடுகிறார்கள். அதில் குழந்தை எங்கே எழுத்தைப் பார்த்தது?

இரண்டு, யாரும் அவுட் கிடையாது. தப்பாகச் சொன்னவனை வெளியே உட்காரவைத்தால், யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவன்தான் முதல் நிமிடத்திலேயே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். நன்றாகத் தெரிந்தவள் கடைசி வரை ஆடி இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்வாள். தப்பு செய்தவன் அடுத்த எழுத்தைக் கூப்பிடும் ஆள் ஆகட்டும், ஒரு சுற்று முடிந்ததும் திரும்ப உள்ளே வரட்டும்.

பொருள் எதுவும் வாங்கவேண்டாம். சாக்பீஸ், போன வருடத்துத் தினசரி காலண்டர் அட்டைகள், கிழித்துப்போட்ட தேதித்தாள்கள் (பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், துண்டுச்சீட்டுக்குத் தோது), பெயிண்ட் அடிக்கிற பழைய பிரஷ், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. பொட்டு எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

படி 1: காது

எழுத்தைக் கண்ணில் காட்டும் முன் காது தயாராகவேண்டும். ஒரு சொல்லைத் துண்டாக்க முடியும் என்பதே நாலு வயதுக் குழந்தைக்குப் புதுச் செய்தி.

சொல்லைச் சொல்லிக்கொண்டே குதிக்கச் சொல்லுங்கள். வ-டை, இரண்டு குதி. மாம்-ப-ழம், மூன்று. ஜவ்-வ-ரி-சி, நாலு. அவரவர் பெயருக்குக் குதிப்பதுதான் அதிகம் பிடிக்கும், யார் பெயருக்கு அதிகக் குதி என்று சண்டையே வரும். இங்கே ஒரு குழப்பம் நேரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: மாம்பழத்துக்குக் குதி மூன்று, எழுத்து ஐந்து (மா, ம், ப, ழ, ம்). இந்தப் படியில் குதி மட்டும் போதும். எழுத்தை எண்ணுவது புள்ளி வந்த பிறகு.

அடுத்தது முதல் ஒலி. கொலை கொலையா முந்திரிக்காயில் துணியைப் பின்னால் போடுகிறவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஓட வேண்டும், துரத்துகிறவர் அதே ஒலியில் தொடங்கும் இன்னொரு சொல்லைக் கத்திக்கொண்டே துரத்த வேண்டும். "மாடு!" "மாமா!" சொல் வராவிட்டால் வட்டத்தில் இருப்பவர்கள் கத்தி உதவலாம். இதில் எழுத்தே இல்லையே, முதல் விதி என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள், இந்தப் படியில் காதுதான் எழுத்து.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு வருகிறதல்லவா, எங்கள் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுத் திடல். வளைவுக்கு ஒரு ஒலி. முதல் வளைவில் "கா", அடுத்த வளைவு வரும்வரை காவில் தொடங்கும் சொல்லாகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். வண்டியில் புத்தகத்தையோ அட்டையையோ நீட்டிவிடாதீர்கள், ஐந்தாவது வளைவில் வாந்தி நிச்சயம். ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடக்கூடிய காது விளையாட்டுதான் அந்த ரோட்டுக்குச் சரி.

இந்தப் படி முடிந்ததா என்று எப்படித் தெரியும்? மரம், மலை, கல் என்று சொல்லி, சேராதது எது என்று கேளுங்கள். இப்படி ஐந்து கேட்டால் நாலு சரியாக வந்தால் போதும். வராவிட்டால் இன்னும் இரண்டு வாரம் குதிக்கட்டும், அவசரமில்லை.

படி 2: எந்த எழுத்து முதலில்

247 எழுத்தையும் ஒரே சார்ட்டில் தொங்கவிட்டு அ-வில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். ஆனால் அ எழுதுவதற்குச் சுழியும் வளைவுமாகக் கஷ்டமான எழுத்து. உயிரெழுத்து பன்னிரண்டையும் படித்து முடித்தாலும் அவற்றை மட்டும் வைத்து எத்தனை சொல் வாசிக்க முடியும்? ட, ப, ம மூன்றோடு ஒரு புள்ளி சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம். நேர்கோடுகள் அதிகம் என்பதால் பின்னால் எழுதுவதற்கும் சுலபம். அப்புறம் க, ல, வ, ர, த. கல், பல், கடல், மரம், வட்டம், பகல். வாரத்துக்கு இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று. குழந்தையின் பெயரில் முதல் எழுத்து எதுவாக இருந்தாலும் அதற்கு மட்டும் விதிவிலக்கு, முதல் நாளே காட்டிவிடுங்கள்.

பாட்டிமாரிடம் ஒரு வார்த்தை. "பானா, டானா, இம்மன்னா" என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தையும் அப்படியே சொல்லும், சேர்த்து வாசி என்றால் திருதிருவென்று முழிக்கும். பானா டானா இம்மன்னாவில் படம் எங்கே இருக்கிறது? ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். எங்கள் அம்மா இதை ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்கு ஆனது, நாங்களெல்லாம் இப்படித்தான் படித்தோம் என்றார், அதுவும் உண்மைதான்.

புள்ளிக்குத்தான் அந்த ஸ்டிக்கர் பொட்டு. அட்டையில் ம எழுதியிருக்கும், அதன் தலைமேல் பொட்டு ஒட்டினால் ம்-இன் வாய் மூடிக்கொள்ளும். குழந்தையே உதட்டை மூடிப் பார்க்கும். பொட்டை எடுத்தால் ம, ஒட்டினால் ம். நான் இலக்கணம் எதுவும் விளக்கவில்லை, "பொட்டு வச்சா சத்தம் சுருங்கும்" என்று ஒரு வாண்டு தானாகச் சொன்னது. இனிமேல் மாம்பழத்துக்கு ஐந்து எழுத்து என்று எண்ணலாம்.

படி 3: தரையில் ஓட்டம்

பாண்டி, நொண்டி, சில்லு, உங்கள் வீட்டில் என்ன பெயரோ, அந்தக் கட்டத்தை வரைந்து எண்ணுக்குப் பதில் எழுத்து போடுங்கள். ஆறு கட்டம் போதும். நீங்கள் "கல்" என்றால் குழந்தை க-வில் நொண்டி ல்-இல் இறங்க வேண்டும். நான் செய்த முதல் தப்பு இங்கேதான். ஒரு வாரம் முழுக்க அதே கோட்டை அழிக்காமல் ஆடினோம், எல்லோரும் பிரமாதமாக ஆடினார்கள், எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் மழையில் கோடு அழிந்துபோய், திரும்ப வரைந்தபோது எழுத்துகள் இடம் மாறிவிட்டன. பாதிப் பேர் பழைய இடத்திலேயே போய் நின்றார்கள். மூன்றாவது கட்டம் இடதுபக்கம் என்றால் "கல்", அவ்வளவுதான் அவர்கள் படித்திருந்தது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஈரத்துணியால் துடைத்து இடம் மாற்றி எழுதுங்கள்.

கல்லா மண்ணாவையும் இப்படி மாற்றலாம். தரையெங்கும் எழுத்து வட்டங்கள், கூப்பிட்ட எழுத்தில் நிற்பவரைத் தொட முடியாது. இதில் சின்னதுகள் எழுத்தைப் பார்க்காமல் பெரிய பிள்ளைகளின் பின்னாலேயே ஓடிவிடும். ஆளுக்கொரு அட்டையைக் கையில் கொடுத்து, அவரவர் அட்டையில் இருப்பதை அவரவர் தேடவேண்டும் என்று வைத்ததும் சரியானது.

நேரம் முக்கியம். ஏப்ரல் மாதத்தில் சேலத்து மாடியில் ஐந்தரை மணிக்கு முன் வெறுங்காலை வைக்க முடியாது, தண்ணீர் தெளித்தால் சாக்பீஸ் பிடிக்காது. மொத்தம் இருபது நிமிடம்: ஐந்து நிமிடம் காது, பத்து நிமிடம் ஓட்டம், கடைசி ஐந்து நிமிடம் உட்கார்ந்து வாசிப்பு. "இன்னும் ஒண்ணு அத்தை" என்று கெஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள்.

படி 4: கொம்பும் காலும்

தமிழ் வாசிப்பில் நிறையக் குழந்தைகள் முட்டி நிற்கும் இடம் இது. கா சுலபம், எழுத்துக்குப் பின்னால் கால். கி, கீ பரவாயில்லை. ஆனால் கெ என்னும்போது வாய் முதலில் சொல்வது க் என்ற ஒலியை, கை முதலில் எழுதவேண்டியது கொம்பை. கொ-வில் இன்னும் மோசம், கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். க-வை எழுதிவிட்டுப் பக்கத்தில் கொம்பைப் போடும் குழந்தை கவனக்குறைவால் போடவில்லை, காதில் கேட்ட வரிசையில் எழுதுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பிள்ளைகளையே எழுத்தாக்கினேன். நடுவில் ஒருத்தி க அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொம்பு ஆகிறவன் ஒரு கையைத் தலைமேல் வளைத்து வைத்துக்கொள்வான், இரட்டைக்கொம்பு என்றால் இரண்டு கையும். கால் ஆகிறவன் விறைப்பாக நிற்பான். மற்றவர்கள் எதிரே வாசிக்கிறவர்கள். நான் "கொ" என்றதும் மூவரும் ஓடிப்போய் இடத்தில் நிற்கவேண்டும்.

முதல் நாள் நடந்தது: "கெ" என்றேன். கொம்புப் பையன் ஓடிப்போய் க-வுக்குப் பின்னால் நின்றான். எதிரே இருந்த தறிக்காரர் வீட்டுப் பேத்தி, ஐந்து வயதுதான், "டேய், அங்க நின்னா அடுத்த ஆளுக்குக் கொம்பு மொளச்சிரும்!" என்று கத்தினாள். உண்மையிலேயே அவனுக்கு அடுத்து ட அட்டையோடு ஒருவன் நின்றிருந்தான், அதனால் அது கெட என்று ஆகாமல் கடெ என்று ஆகிவிட்டது. எல்லோரும் "கடெ, கடெ" என்று சிரித்தார்கள், பையன் வெட்கத்தோடு முன்பக்கம் ஓடிவந்தான். கொம்பு தனக்கு வலதுபக்கம் இருக்கும் எழுத்தைத்தான் சேரும் என்பதை நான் இதைவிடத் தெளிவாக எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு எச்சரிக்கை, வாசிப்பவர் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் இடதும் வலதும் சரியாக வரும், எதிரே நிற்கும் "எழுத்து"களுக்கு அது தலைகீழ். தரையில் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

வரிசை: கா, கி, கீ முதலில். அப்புறம் கெ, கே, கை. அதற்கப்புறம் கொ, கோ. கௌ தானாக வரும்போது வரட்டும்.

கு, கூ வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்கு ஒரே விதி கிடையாது. சு, பு, யு, வு ஒரு வீடு, கீழே நேர்க்கோடு இறங்கும். து, நு, ணு, லு, னு, று இன்னொரு வீடு, பின்னால் சுற்றிக்கொண்டு மேலே போகும். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு கூட்டம். மாடியின் மூன்று மூலைகளை மூன்று வீடாக்கி, கையில் கிடைத்த அட்டையோடு சரியான மூலைக்கு ஓடவிடுங்கள். ஒரு மாதம் ஆகும். ஆகட்டும்.

ந, ண, ன மூன்றையும், ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்தது. நாமே வாளப்பளம் என்று சொல்லிக்கொண்டு குழந்தை ழ எழுதவில்லை என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை, எனக்கும் நாக்கைத் திருத்திக்கொள்ளவேண்டி இருந்தது.

படி 5: எழுதுவது

பென்சிலைக் கடைசியில் கொடுங்கள். தோளும் முழங்கையும் முதலில், மணிக்கட்டு அப்புறம், விரல் கடைசி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதவைத்தார்கள், விஜயதசமிக்கு அரிசியில் எழுதவைக்கிறோம், நல்ல வழிதான், அதை ஒரே நாளோடு நிறுத்திவிட்டு மறுநாளே நாலுகோடு நோட்டைக் கொடுப்பதுதான் பிரச்சினை.

வாளியில் தண்ணீர், பெயிண்ட் பிரஷ், மாடிச் சுவர். ஆள் உயரத்துக்கு ப எழுதவேண்டும், வெயிலில் அது காய்ந்து மறைவதற்குள் அடுத்தவர் அதன்மேலேயே எழுதவேண்டும். மேலிருந்து கீழ், அப்புறம் வலதுபக்கம், அப்புறம் மேலே. எழுதிய எழுத்து சரியா என்பதைவிட எங்கே ஆரம்பித்தது என்பதைப் பாருங்கள், தப்பான இடத்தில் ஆரம்பிக்கிற பழக்கம் பின்னால் லேசில் மாறாது. அடுத்து தாம்பாளத்தில் கோலமாவு, விரலால். ஜவ்வரிசியிலும் எழுதிப் பார்த்தோம், உருண்டு ஓடிவிடுகிறது, தவிர ஒரு வாண்டு இரண்டை மூக்கில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடவேண்டியதாயிற்று. சின்னப் பிள்ளைகளிடம் மணிமணியான எதுவும் வேண்டாம்.

விரலுக்கு வலு வர கடலை உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கொடியில் துணி கிளிப் மாட்டுவது. இடதுகைக் குழந்தையை வலதுகைக்கு மாற்றாதீர்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது முதுகு ரயில். ஒருவர் பின்னால் ஒருவராக நாலு பேர் உட்காரவேண்டும். கடைசி ஆளிடம் மட்டும் அட்டையைக் காட்டுவேன், அவன் முன்னால் இருப்பவள் முதுகில் விரலால் எழுதுவான், அவள் அடுத்த முதுகில், முதல் ஆள் தனக்கு வந்ததைச் சிலேட்டில் எழுதிக் காட்டவேண்டும். ம கிளம்பி ட-வாக வந்து சேரும். எந்தப் பெட்டியில் கெட்டது என்று பின்னாலிருந்து விசாரணை நடத்தும்போது ஒவ்வொருவரும் தான் எழுதியதைத் திரும்ப எழுதிக் காட்டுவார்கள், நோட்டில் பத்துமுறை எழுது என்றால் எழுதாத பிள்ளை இங்கே கேட்காமலே எழுதும்.

இதெல்லாம் கைவந்த பிறகு சிலேட்டு, அப்புறம்தான் பென்சில்.

படி 6: வெளியே வாசிப்பது

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதெல்லாம் போர்டு வேட்டை. ஓமலூர், மேட்டூர், ஆத்தூர், ஏற்காடு. நாலைந்து போர்டு பார்த்ததும் ஒரு பிள்ளை "எல்லாத்துக்கும் பின்னாடி ஊர் ஒளிஞ்சிருக்கு, ஏற்காட்டுல மட்டும் காடு" என்றது. அன்றைக்கு அதுபோதும் என்று தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து அழைத்துவந்தேன்.

குழந்தை சொல்வதை நீங்கள் எழுதிக்கொடுத்து, அதையே வாசிக்கவையுங்கள். "நாங்க மலைக்குப் போனோம், எனக்கு வாந்தி வந்துச்சு" என்றால் அப்படியே எழுதுங்கள். வந்துச்சுவை வந்தது ஆக்கும் வேலை பின்னால் பார்த்துக்கொள்ளலாம், தான் பேசியது தாளில் இருக்கிறது என்று தெரிவதுதான் இப்போது பெரிய விஷயம். ராத்திரி பத்து நிமிடம் நீங்கள் கதை வாசித்துக் காட்டுவதையும் விடாதீர்கள், அதற்கு எந்த விளையாட்டும் ஈடாகாது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு 2022-இல் ஆரம்பித்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாட்டும் விளையாட்டுமாக நடத்துகிறார்கள். டீச்சரிடம் இந்த வாரம் எந்த எழுத்து என்று கேட்டு அதையே வீட்டிலும் ஆடுங்கள், இரண்டு பக்கமும் இழுக்கவேண்டாம்.

ஒரு பையன் மாதக்கணக்காகத் தப்பான வட்டத்திலேயே போய் நிற்பான். சோம்பேறி, கவனமில்லை என்று நானும் நினைத்துவிட்டேன், இரண்டொரு முறை திட்டியும் இருக்கிறேன். முதுகு ரயிலில் மட்டும் அவன் ஒருநாளும் தப்பு செய்ததில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. கண்ணைப் பரிசோதித்ததில் தூரப் பார்வை மங்கல், கண்ணாடி போட்ட மறுவாரம் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். குழந்தை தொடர்ந்து தடுமாறினால் படிப்பைப் பற்றிப் பேசும் முன் கண்ணையும் காதையும் காட்டிவிடுங்கள்.

கடைசி விளையாட்டு துண்டுச்சீட்டு வேட்டை. "கட்டில்" என்று முதல் சீட்டு, கட்டிலுக்கடியில் "கதவு" என்று இரண்டாவது, கதவுக்குப் பின்னால் "மாடிப்படி". மழை நாளுக்கும், சாயங்காலமே மூடுபனி இறங்கிவிடும் ஏற்காட்டுக்கும் இதுதான் தோது. வாசிக்காமல் அடுத்த இடத்துக்குப் போகவே முடியாது. நன்றாக ஆட ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள், சீட்டைக் குழந்தை எழுதி ஒளித்துவைக்கட்டும், நீங்கள் தேடுங்கள்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அந்தச் சார்ட் பையன் எனக்கு வைத்த மூன்றாவது சீட்டில் "தெட்டி" என்று இருந்தது. தெட்டியா, அப்படி ஒன்று வீட்டில் இல்லையே என்று ஹாலிலேயே நின்றேன். நான் நகராததைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான். "அய்யோ அத்தை, கால விட்டுட்டேன்" என்று பென்சில் தேடி உள்ளே ஓடினான். நான் பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன்.